குதி கிளம்பாத பந்துச் சப்பாத்து

சூரிச்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய உதைபந்துச் சப்பாத்தை மாங்குளத்தில் முதல் நாள் போட்டு விளையாடினேன். இடைவேளைக்குள் இரண்டு குதியிலும் கொப்புளம். நம்பர் என்னவோ என்னுடைய 42தான். ஒரு மாதமாகச் சப்பாத்தின் முன்பக்கத்தில் பஞ்சு அடைத்து ஓட்டினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

முதலில் அளவு. பின்னேரம், திரிந்து கால் கொஞ்சம் வீங்கிய பிறகு, விளையாடும் அதே மேஸோடு தாளில் ஏறி நில்லுங்கள். குதி சுவரில் முட்ட வேண்டும். நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். (எனக்கு அது பெருவிரல் இல்லை, பக்கத்து விரல்.) இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள்.

அந்தச் சென்ரிமீற்றரை சப்பாத்து நாக்கின் உள்லேபிளில் ‘ஜேபி’ (ஜப்பான் அளவு) அல்லது ‘சிஎம்’ என்பதற்கு நேரே உள்ள எண்ணோடு பாருங்கள். ஐரோப்பிய நம்பர் ஒன்று கூடினால் ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர், பிரித்தானிய நம்பரில் 8.5. ஆனால் ஒரு கொம்பனியின் 42 மற்றதன் 42 இல்லை. சித்தப்பா பனிச்சறுக்குச் சப்பாத்தையும் சென்ரிமீற்றர் பார்த்துத்தான் வாங்குவாராம். அதன் பிளாஸ்ரிக் ஓடு இறுக்கினால் கடையில் சூடாக்கி விரித்தும் கொடுப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, அதனால் அளவில் பிழை விடக்கூடாது.

இனி என்னைக் கவிழ்த்த இடம்: லேஸ். கடைசிக்கு முந்திய ஓட்டைவரை வழக்கம்போலக் குறுக்காகக் கட்டுங்கள். பிறகு குறுக்கே போகாமல், அதே பக்கத்துக் கடைசி ஓட்டைக்குள் நேரே விடுங்கள். இரண்டு பக்கமும் சின்ன வளையம் வரும். இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும், வலதை இடதுக்குள்ளும் கோர்த்து விடுங்கள். குதியை நிலத்தில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, அப்புறம் இழுத்து முடியுங்கள். நான் தட்டாமல் முடிந்ததால்தான் இரண்டாம் முறையும் கொப்புளம் போட்டது. உருண்டை லேஸ் எனக்குப் பிடிக்காது, பாதி ஆட்டத்தில் அவிழும். தட்டை லேஸ் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: மல்லாவியிலிருந்து ஒரு தம்பி, அளவு சரி, ஆனால் உள்ளங்கால் குத்துகிறது என்று எழுதியிருந்தார். அது ஸ்டட்டின், அதாவது அடியில் உள்ள குமிழின் வேலை. கோடையில் இறுகிய நிலத்தில் நீண்ட ஸ்டட் இறங்காது, திருப்பிக் காலைத்தான் குத்தும். குட்டைக் குமிழ் நிறைய உள்ளதைப் போடுங்கள். அகலப் பாதக்காரர் விரல் பக்கத்து முதல் ஓட்டைகளை விட்டுவிட்டுக் கட்டிப் பாருங்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்து விரிக்க மட்டும் போகாதீர்கள், பசை விட்டு அடி கழன்றுவிடும்.