எக்ஸ்டென்ஷன் ரூம்ல மரத்தரை ஜில்லுனு இருக்கா?
வீட்டோட சேர்த்துக் கட்டுன ரூம்ல மரத்தரைக்குக் கீழ வெத்து எடமா இருந்தா குளிர்காலத்துல கால் வைக்க முடியாது, உடனே வெளிச்சுவர்ல அடியில இருக்குற காத்து ஓட்டைய அடைக்கத் தோணும், தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. காத்தோட்டம் நின்னா ஈரம் தங்கி கீழ தாங்குற சட்டமெல்லாம் மக்கிப் போயிடும்.

மொதல்ல ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில ஓடுற பட்டை) ஓரம், பலகை இடுக்கு, பைப் ஏறி வர்ற ஓட்டை எல்லாத்தையும் சீலன்ட் வச்சு அடைங்க, செலவும் கம்மி.

அப்புறம்தான் இன்சுலேஷன், அதாவது குளிர் ஏறாம தடுக்குற அடுக்கு. கீழ ஆள் நுழைய எடம் இருந்தா அதிர்ஷ்டம், இல்லேன்னா பலகையக் கழட்டித்தான் ஆகணும். சட்டம் ஏற்கெனவே ஈரமா இருந்தா அத சரி பண்ணாம எதையும் வைக்காதீங்க. சட்டத்துக்கு நடுவுல வலைய தொட்டில் மாதிரி கட்டி மினரல் வூல் (கல்லு, கண்ணாடி இழையில செஞ்ச பஞ்சு மாதிரி பொருள்) 100லேர்ந்து 150 மி.மீ. வரைக்கும் வைக்கலாம், ஆனா பலகையோட அடிய ஒட்டியே இருக்கணும், நடுவுல கேப் விட்டா குளிர் காத்து அதுல புகுந்து மொத்த வேலையும் வீண்.

இத முடிச்சதும் தரைக்குக் கீழ முன்னைவிட ஜில்லுனு ஆயிடும், அதனால அங்க தண்ணி பைப் ஓடுச்சுன்னா அதுக்கும் உறை போட்டுடுங்க. கரண்ட் ஒயர் வூலுக்குள்ள பொதைஞ்சா சூடாகும், எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க.