ஊசி போட்ட பிறகு சாப்பிட மறுக்கும் குழந்தை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் இரண்டு இட்லி சாப்பிட்ட ஒன்றரை வயதுக் குழந்தை, முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய்களுக்கான தடுப்பூசி) பூஸ்டர் எனும் வலுவூட்டும் தவணை போட்டு வந்த அன்று மாலை முதல் உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டால், வீட்டில் உள்ள அனைவரின் கவலையும் சோற்றுக் கிண்ணத்தின் மீதே போய் நிற்கிறது. அந்த ஓரிரு நாட்களுக்குக் கவளங்களை எண்ணுவதைவிட, குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று எண்ணுவதே பயனுள்ளது. பசி குறைவதைச் சில நாட்களுக்கு உடல் தாங்கிக்கொள்ளும். நீர் குறைவதை அப்படித் தாங்காது.

அரசின் அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு பூஸ்டர் தொடையிலும், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை கையிலும் போடப்படுகின்றன; போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்து வேலை செய்யும்போது சுரக்கும் பொருள்கள் காய்ச்சலையும் சோர்வையும் தருவதோடு பசியையும் அடக்குகின்றன. தொடை வலியும் எரிச்சலும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. முத்தடுப்பு ஊசியின் விளைவுகள் பெரும்பாலும் அன்றே தொடங்கி, ஓரிரு நாட்களில் அடங்கிவிடும்.

இதை அறியாமல் செய்யப்படும் முதல் தவறு, கட்டாயப்படுத்தி ஊட்டுவது. மடியில் கிடத்தி, கைகளைப் பிடித்துக்கொண்டு, அழுவதற்கு வாய் திறக்கும் நேரம் பார்த்துச் சோற்றைத் திணிக்கும் வழக்கம் பல வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கிறது. அழும் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். அந்த ஆபத்து நேராவிட்டாலும், காய்ச்சல் தணிந்த பிறகும் கிண்ணத்தைக் கண்டாலே அழும் பழக்கம் எஞ்சிவிடுகிறது. கைபேசியைக் காட்டி ஊட்டுவதும் இதே கட்டாயத்தின் அமைதியான வடிவம்தான். குழைந்த பருப்புச் சாதம், கஞ்சி, இட்லி என்று அதற்குப் பழகிய உணவையே சிறிதளவு வைத்து, மறுத்தால் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் வைத்தால் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கேட்கும் போதெல்லாம் கொடுக்கலாம். ஊசி போட்டதால் நிறுத்தத் தேவையில்லை. தண்ணீர், மோர், இளநீர் ஆகியவற்றை ஓரிரு கரண்டியாக அடிக்கடி கொடுப்பது நல்லது.

சோறு இறங்கவில்லையே என்று பால் புட்டியையும் பிஸ்கட்டையும் மாறி மாறிக் கொடுப்பது இரண்டாவது தவறு. வயிறு அவற்றாலேயே நிரம்பிவிடுவதால், பசி திரும்பும் நாளும் தள்ளிப்போகிறது.

உணவு தொண்டையில் சிக்கி, தொக்கம் விழுந்துவிட்டது என்று முடிவு செய்து, அதை எடுப்பவரிடம் தூக்கிச் செல்வதை நான் மிகவும் அஞ்சுகிறேன். தொண்டைக்குள் விரல் விடுவதும், வாயில் ஊதுவதும், வயிற்றை அழுத்தித் தேய்ப்பதும் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் காயத்தையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடியவை. பசியின்மைக்குக் காரணம் தொண்டையில் சிக்கிய உணவு அன்று. ஆகவே எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

மருந்தில் நேரும் பிழை இவற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று. பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குத் தரப்படுகிறது. இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும், ஒரு நாளில் நான்கு முறையைத் தாண்டக் கூடாது. ஆனால் கடைகளில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும், 5 மில்லியில் 120 அல்லது 250 மில்லிகிராம் உள்ள சிரப்புகளும் கிடைக்கின்றன. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லி அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால், 10 கிலோ குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். அது மிகை அளவு; அப்படியே திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். புட்டியில் அச்சிட்ட அளவைப் படித்து, மருத்துவர் அல்லது செவிலியர் குழந்தையின் எடைக்குச் சொன்ன அளவையே கொடுங்கள். ஆஸ்பிரினைக் கொடுக்கவே கூடாது. பசியைத் தூண்டும் டானிக்கைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். இரண்டு நாளில் தானாகத் திரும்பும் பசிக்கு அது தேவையில்லை.

வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத குழந்தையைப் பார்த்து ஊசியைக் குறை சொல்பவர்களும் உண்டு. முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டரை கிலோவே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் இயல்பாகவே குறைகிறது. அதைக் காரணமாக வைத்து, 5 வயதில் போட வேண்டிய அடுத்த பூஸ்டரைத் தவிர்ப்பது, கக்குவான் இருமலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் கதவைத் திறந்துவிடுவதாகும்.

எல்லாவற்றையும் ஊசியின் விளைவு என்று விட்டுவிடுவதும் தவறே. ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காதது, நீரும் பாலும் கூடக் குடிக்க மறுப்பது, விடாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மந்தம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் பசிக்குறைவும் ஒரு வாரம் கழித்தே தோன்றக்கூடும். அப்போது மருத்துவரிடம் செல்பவர்கள் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் சென்று, ஊசி போட்ட தேதியை மறக்காமல் காட்டுங்கள்.