விதையிலிருந்து பாப்பி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுத் தோட்டத்துப் பாப்பி கவனக்குறைவால் கெடுவதைவிட, அளவுக்கு மீறிய கவனிப்பால் கெடுவதே அதிகம். ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பியும், இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ் 1880 முதல் அதிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஷெர்லி பாப்பியும் உழுத வெற்று மண்ணுக்குப் பழகியவை. நாற்றங்காலின் சீராட்டு அவற்றுக்கு ஒத்துவராது.

முதல் தவறு, வெண்டை விதையைப் போல இதையும் மண்ணுக்குள் புதைப்பது. பாப்பி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும்; ஆழத்தில் சிக்கினால் முளைக்காமல் பல ஆண்டுகள் உறங்கும். முதல் உலகப் போரில் குண்டுகள் புரட்டிப்போட்ட, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் நிலத்தில் பாப்பி கூட்டமாகப் பூத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, மண்ணைப் பொடியாகக் கிளறி, முதலில் நனைத்துவிட்டு, ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் இலேசாக அழுத்தினால் போதும். தூவிய பிறகு குவளையால் நீர் ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்பட்டு ஓரத்தில் குவியும். பத்து நாளில் அங்கே மட்டும் பாசிபோல நாற்று அடர்ந்திருக்கும். தெளிப்பானே ஏற்றது.

அடுத்தது, குழித்தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவது. இதன் ஆணிவேர் மெல்லியது. அது அறுந்த செடி, பிழைத்தாலும் குட்டையாக நின்று ஓரிரு பூவோடு காய்ந்துவிடும். பூக்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக விதைத்து, நான்கைந்து இலை வந்ததும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்துவிட வேண்டும். மிகுதி நாற்றைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால், கத்தரிக்கோலால் அடியில் நறுக்குவதே நல்லது. பலருக்கு இதற்கு மனம் வருவதில்லை. ஆனால் நெருக்கத்தில் ஒன்றுமே ஒழுங்காகப் பூக்காது.

ஆடிப்பட்டம் இதற்குப் பொருந்தாது. தமிழகச் சமவெளியில் கார்த்திகைக் கடைசியில், அடைமழை ஓய்ந்த கையோடு விதைத்தால்தான் பங்குனி வெயிலுக்கு முன் பூ பார்க்கலாம். அப்போதும் மலைப்பகுதிச் செடியின் உயரத்தை எதிர்பார்க்கக் கூடாது. தழைச்சத்து உரத்தை அள்ளிப்போட்டால் இலை கொழித்துத் தண்டு சாயும். மண் எப்போதும் சொதசொதவென்றிருந்தால் நாற்று அழுகும்.

இவற்றையெல்லாம்விடக் கடுமையான தவறு, சமையலறைக் கசகசாவைத் தூவிப் பார்ப்பது. கசகசா அபின் பாப்பியின் விதை. அதை வாங்குவதும் சமைப்பதும் குற்றமல்ல. உரிமமின்றி அந்தச் செடியை வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே உழவர்களுக்கு உரிமம் தரப்படுகிறது. அடுக்கிதழ்ப் பியோனி பாப்பி என்று விற்கப்படுவதும் இதே இனம் என்பதால், பொட்டலத்தில் தாவரவியல் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்: பபாவெர் ரோயாஸ் என்றிருந்தால் வாங்கலாம், பபாவெர் சோம்னிஃபெரம் என்றிருந்தால் வேண்டாம்.

மறு ஆண்டுக்கு விதை எடுப்போர் காயைப் பச்சையாக அறுக்கக் கூடாது. பழுப்பேறி, ஆட்டினால் சலசலக்கும்போது பறித்து, மூடிக்குக் கீழுள்ள துளைகள் வழியே விதையைக் காகித உறையில் கொட்டி உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ஈரம் தங்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம்.