மின்தடை நீண்டாலும் காந்தப் பூட்டு விடாமல் பிடிக்க

ஆபீஸ் கதவில் காந்தப் பூட்டு (கரண்டால் காந்தமாகி கதவைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு) இருந்தால், அதன் பவர் சப்ளை பெட்டிக்குள் இருப்பதைப் போலவே இன்னொரு 12 வோல்ட் 7 ஏஹெச் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியை சார்ஜ் ஏற்றித் தயாராக வையுங்கள், பகல் முழுக்க கரண்ட் இல்லாவிட்டாலும் மாற்றிப் போட்டு ஓட்டிவிடலாம்.

காந்தப் பூட்டு மூடியிருக்கும் நேரமெல்லாம் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், 600 பவுண்டு விசை வரை இழுத்தாலும் விடாத பூட்டுக்குச் சுமார் அரை ஆம்பியர், கார்டு ரீடரும் கண்ட்ரோலரும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். புது பேட்டரியே எட்டு மணி நேரம் தாங்கினால் பெரிது, இரண்டு மூன்று வருடம் ஓடியது அதில் பாதிகூட வராமல் போகலாம். மாற்றும்போது சிவப்பு வயர் பிளஸ்ஸில்தானா என்று பார்த்துச் செருகுங்கள். அந்தச் சில நொடிகள் கதவு திறந்துதான் இருக்கும், ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சும்மா கிடக்கும் பேட்டரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யாவிட்டால் வீணாகிவிடும்.

24 வோல்ட் பூட்டுக்கு இது சரிப்படாது, அதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். வீட்டுக் கதவில் பென்சில் பேட்டரி போடும் டிஜிட்டல் பூட்டென்றால் மின்தடையே அதைத் தொடாது. அப்புறம், அவசர வழிக் கதவின் கண்ணாடியை உடைத்துத் திறக்கும் பட்டனை எதற்காகவும் துண்டிக்காதீர்கள்.