கோ மொழியில் கோரூட்டீன் பழக ஒரு எண்ணி போதும்

கோரூட்டீன் என்பது கோ மொழியில் மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடக்கூடிய சிறு வேலை. அப்படி 1,000 கோரூட்டீன்களைக் கிளப்புங்கள். ஒவ்வொன்றும் ஒரே இன்ட் மாறியில் 1,000 தடவை ஒன்று கூட்டட்டும். எல்லாம் முடியும்வரை வெயிட்குரூப்பில் காத்திருந்து விடையை அச்சிடுங்கள். வர வேண்டியது 10,00,000. பல கோர் உள்ள கணினியில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும், அதுவும் ஓட்டும்போதெல்லாம் வேறு எண்ணாக. ஒன்று கூட்டுவது நமக்கு ஒரு வரி. கணினிக்குப் படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை. இரண்டு கோரூட்டீன்கள் ஒரே சமயம் 41ஐப் படித்துவிட்டால் இரண்டுமே 42 என்று எழுதும். ஒரு கூட்டல் போச்சு.

(எத்தனை கோரூட்டீன்களுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும், வெயிட்குரூப்பின் ஆட் அழைப்பை கோரூட்டீனுக்கு வெளியே, அதைக் கிளப்பும் முன் வையுங்கள். உள்ளே வைத்தால் அது ஓடத் தொடங்குமுன்பே வெயிட் முடிந்துவிடக்கூடும்.)

அடுத்து அதே நிரலை, இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் தெரிவோடு ஓட்டுங்கள். மோதிக்கொண்ட இரண்டு வரிகளையும் எண்ணோடு காட்டும். நினைவகம் 5 முதல் 10 மடங்கும் நேரம் 2 முதல் 20 மடங்கும் கூடும் என்பதால் டெஸ்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓடிய பாதையில் நடந்ததைத்தான் அது பார்க்கும். எச்சரிக்கை வராததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருத்த முதல் வழி மியூட்டெக்ஸ், அதாவது ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. அதைப் பாயின்டராக, அதாவது முகவரியாக அனுப்புங்கள். காப்பியாகப் போனால் ஆளுக்கொரு பூட்டு, யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். நிரலில் பிழை தேடும் கோ வெட் கருவி இதைப் பிடித்துக்கொடுக்கும். இரண்டாவது வழி, படி, கூட்டு, எழுது மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாகச் செய்யும் அட்டாமிக். வெறும் எண்ணிக்கு அதுவே போதும்.

மூன்றாவது வழியில்தான் சுவாரசியம். எட்டு கோரூட்டீன்கள், தலைக்கு 1,25,000 கூட்டல், ஸ்லைஸில் (வரிசையாக மதிப்புகளை வைக்கும் பட்டியல்) தனித்தனி இடம். விடை சரி; வேகம்தான் எதிர்பார்த்த அளவு ஏறாது. 8 பைட் எண்கள் எட்டும் பெரும்பாலும் 64 பைட் கேச் லைன் (கோர் தன் வேக நினைவகத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளும் துண்டு) ஒன்றிலேயே உட்கார்ந்துவிடும். ஒரு கோர் எழுதினால் மற்றவற்றின் பிரதி செல்லாமல் போகும். உள்மாறியில் கூட்டி, கடைசியில் ஒரே தடவை ஸ்லைஸில் எழுதுங்கள். பெஞ்ச்மார்க்கில் வித்தியாசம் தெரியும்.

பிறகு டெட்லாக், அதாவது ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து எதுவும் நகராமல் நிற்பது. இரு கணக்குகளுக்கிடையே எதிரெதிர்த் திசையில் பணம் மாற்றும்போது, அனுப்புபவரின் பூட்டை முதலில் எடுத்தால் இரண்டு பரிமாற்றங்களும் சிக்கிக்கொள்ளக்கூடும். எப்போதும் சிறிய கணக்கு எண்ணின் பூட்டை முதலில் எடுங்கள். எல்லா கோரூட்டீன்களும் நின்றால்தான் கோ தானாக டெட்லாக் என்று கத்தும். சர்வரில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருப்பதால் சத்தமே வராது. அப்போது லினக்ஸ் டெர்மினலில் கன்ட்ரோலோடு பேக்ஸ்லாஷை அழுத்துங்கள். நிரல் நின்று, எந்தக் கோரூட்டீன் எந்த வரியில் காத்திருந்தது என்று பட்டியல் கொட்டும்.