பிரவுசரில் மோட்டார் போடுவது எப்படி: பிஎல்சி, மாட்பஸ், நோட்-ரெட்

திருப்பூரில் நண்பர் ஒருவரின் சாயப்பட்டறை. ஒரு மேல்தொட்டி, அதற்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு பம்ப். பேனலில் சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு தொழிற்சாலைக் கணினி) ஏற்கெனவே இருந்தது. "தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு போன்ல பார்த்துட்டு, அங்கிருந்தே மோட்டார் போட முடியுமாங்க?" என்று கேட்டார். இயந்திரங்களைத் திரையில் பார்த்து இயக்க உதவும் ஸ்காடா மென்பொருளுக்கு விலை விசாரித்தோம். டேக் கணக்கில், அதாவது திரைக்கு வரும் ஒவ்வொரு தகவலையும் எண்ணி, லைசென்ஸ் என்றார்கள். நண்பர் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கடைசியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, அதில் நோட்-ரெட், அதற்கும் பிஎல்சிக்கும் நடுவில் மாட்பஸ் டிசிபி (நெட்வொர்க் வழியாகக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) என்று முடித்தோம். எஸ்7-1200க்குள்ளேயே ஒரு வெப் சர்வர் உண்டு. வெறுமனே பார்க்க அது போதும். ஆனால் அதில் சொந்தப் பக்கம் வடிவமைக்க உட்கார்ந்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நோட்-ரெட் 2013இல் ஐபிஎம்மில் பிறந்த ஓப்பன் சோர்ஸ் கருவி. நோட் எனப்படும் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் வேலை நடக்கும். அப்படி இணைத்ததற்கு ஃப்ளோ என்று பெயர்.

பிஎல்சியில் புரோகிராம் இறக்கவும் ஐபி முகவரி மாற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பிஎல்சி பக்கம்

லேடரில் (பிஎல்சி புரோகிராமில்) மாட்பஸுக்கான எம்பி சர்வர் பிளாக்கைப் போட்டு, போர்ட் 502 கொடுங்கள். ஹோல்டிங் ரெஜிஸ்டருக்கென்று (மாட்பஸ் வழியாகப் படிக்கவும் எழுதவும் கூடிய எண்களின் இடம்) தனியாக ஒரு டேட்டா பிளாக் திறந்து, எதில் என்ன என்று முதலில் காகிதத்தில் எழுதுங்கள். எங்களுடையது இப்படி: 40001இல் தொட்டி மட்டம், 40002இல் பம்புகள் ஓடுகின்றனவா என்ற நிலை, 40011இல் பம்ப் 1க்கான கட்டளை, 40012இல் பம்ப் 2க்கான கட்டளை.

கட்டளைக்குக் காயில் (மாட்பஸின் ஒற்றை ஆன்-ஆஃப் பிட்) எழுதும் வழி சுலபமாகத் தெரியும். அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்த பிளாக்கில் காயிலுக்கு எழுதினால் அது நேராக அவுட்புட் இமேஜில் (பிஎல்சி அவுட்புட்டுகளின் நினைவகப் பகுதி) போய் விழும். உங்கள் இன்டர்லாக் (பாதுகாப்பு நிபந்தனை) எதையும் கேட்காது. லேடரிலும் அதே அவுட்புட் இருந்தால் அடுத்த ஸ்கேனில் அழிந்துபோகும். ரெஜிஸ்டரில் எழுதினால் அது ஒரு விண்ணப்பம் மாதிரி. கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, ஓவர்லோடு விழுந்திருக்கிறதா, செலக்டர் சுவிட்ச் ரிமோட்டில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு பிஎல்சிதான் முடிவு செய்யும்.

1 என்றால் ஓடு, 2 என்றால் நில். கட்டளையைப் படித்தவுடன் பிஎல்சியே அதை 0 ஆக்கிவிட வேண்டும். 1 அப்படியே கிடந்தால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பிவிடலாம். அதனால் அந்த டேட்டா பிளாக்குக்கு ரீட்டெயின் (கரண்ட் போனாலும் மதிப்பைக் காத்து வைக்கும் அமைப்பு) வேண்டாம்.

அவசர நிறுத்த பொத்தான் பேனலில் வயர் மூலமாகவே இருக்கட்டும். அதை பிரவுசருக்குக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம்.

படி 2: லேப்டாப்பில் சோதனை (நான் மாட்டிக்கொண்ட இடம்)

நோட்-ரெட்டுக்குப் போகும் முன் லேப்டாப்பை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகி, கியூமாட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருளால் ரெஜிஸ்டர்களைப் படித்துப் பாருங்கள். நான் இதைத் தாண்டிக் குதித்தேன்.

நேராக நோட்-ரெட்டில் பொத்தான் வைத்து, பம்ப் 1 கட்டளைக்கு முகவரி 11 என்று அடித்தேன். 40011தானே? அழுத்தினேன். பேனல் பக்கமிருந்து எலக்ட்ரீசியன் அண்ணன், "தம்பி, ரெண்டாம் நெம்பர் ஓடுதுங்க!" என்று கத்தினார். ஓடிப்போய் நிறுத்தினோம். வயரிங் மாறியிருக்கும் என்று அவரைச் சந்தேகப்பட்டு, ஒரு மணி நேரம் பேனலைப் பிரித்துப் பார்த்தோம். வயரிங்கில் ஒரு குறையும் இல்லை.

தப்பு என்னுடையது. 40001 என்பது மனிதர்கள் எண்ணும் எண். கம்பியில் போகும் முகவரி 0இலிருந்து தொடங்குகிறது. 40001க்கு 0, 40011க்கு 10. நான் 11 அனுப்பியதால் அது 40012க்குப் போய்விட்டது. சில மென்பொருள்கள் 1ஐக் கழித்து அனுப்பும், சில அனுப்பாது. கியூமாட்மாஸ்டரில் தொடக்க முகவரி 0ஆ 1ஆ என்று நாமே அமைக்கலாம். நோட்-ரெட்டின் மாட்பஸ் நோடில் கம்பி முகவரியையே கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எழுதிப் பார்க்கும்போது மோட்டார் பிரேக்கரை இறக்கிவிட்டு, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) டக் என்று இழுத்தால் போதும், எந்தக் கான்டாக்டர் என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

படி 3: நோட்-ரெட்

நோட்-ரெட் தளத்தில் ராஸ்பெர்ரி பைக்கென்றே ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதையே ஓட்டுங்கள். பை பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும்படி அமைத்துவிட்டு, பிரவுசரில் பையின் ஐபியும் போர்ட் 1880ம் கொடுத்தால் எடிட்டர் திறக்கும். பைக்கும் பிஎல்சிக்கும் நிலையான ஐபி வையுங்கள். எடிட்டரின் பேலட் மேனேஜரில் மாட்பஸ் நோடையும், திரை வடிவமைக்க ஃப்ளோஃபியூஸின் டாஷ்போர்டு 2ஐயும் நிறுவுங்கள். பழைய டாஷ்போர்டுக்கு இணையத்தில் விளக்கம் நிறையக் கிடைக்கும், ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது.

மாட்பஸ் படிக்கும் நோடில் ஃபங்ஷன் கோட் 3 (ஹோல்டிங் ரெஜிஸ்டரைப் படி), முகவரி 0, எண்ணிக்கை 2, நொடிக்கு ஒரு முறை. எழுதும் நோடில் ஃபங்ஷன் கோட் 6 (ஒரு ரெஜிஸ்டரில் எழுது).

மட்டம் நேரடியாக மீட்டரில் வராது. லெவல் டிரான்ஸ்மிட்டர் தரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியரை எஸ்7-1200 0 முதல் 27648 வரையிலான எண்ணாக மாற்றும். எங்கள் டிரான்ஸ்மிட்டரின் அளவு 3 மீட்டர். ஆகவே வந்த எண்ணை 3ஆல் பெருக்கி 27648ஆல் வகுத்தால் மட்டம். 13824 வந்தால் ஒன்றரை மீட்டர். ஃபங்ஷன் நோடில் ஒரே வரி.

படி 4: திரை

மட்டத்துக்கு ஒரு கேஜ், 24 மணி நேர சார்ட், ஒவ்வொரு பம்புக்கும் ஓடு, நில் என்று இரண்டு பொத்தான்கள், ஒரு விளக்கு. ஆன்-ஆஃப் சுவிட்ச் விட்ஜெட் எனக்குப் பிடிக்காது. மோட்டார் ஓவர்லோடில் விழுந்த பிறகும் அது ஆன் என்று காட்டிக்கொண்டு நிற்கும். விளக்குக்கான தகவல் கான்டாக்டர் இழுத்திருக்கிறதா என்று சொல்லும் அதன் ஆக்சிலரி கான்டாக்டிலிருந்து பிஎல்சி வழியாக வர வேண்டும், நாம் அனுப்பிய கட்டளையிலிருந்து அல்ல.

படி 5: பூட்டு

நோட்-ரெட் எடிட்டருக்குத் தானாக பாஸ்வேர்டு இருக்காது. அதே வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் ஃப்ளோவை அழிக்கலாம். செட்டிங்ஸ் கோப்பில் அட்மின் ஆத் பகுதியை உயிர்ப்பித்து பாஸ்வேர்டு வையுங்கள். அது எடிட்டரைத்தான் காக்கும், டாஷ்போர்டுக்குத் தனியாக வைக்க வேண்டும்.

மாட்பஸ் 1979இல் வந்தது. பாஸ்வேர்டு என்ற பேச்சே அதில் கிடையாது. ரூட்டரில் போர்ட் 502ஐயோ 1880ஐயோ வெளியே திறந்துவிட்டால், இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடும் ஷோடான் போன்ற தேடுபொறிகளில் உங்கள் பேனல் ஊருக்கே தெரியும். வீட்டிலிருந்து பார்க்க நான் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (வெளியார் நுழைய முடியாத தனி இணைப்பு) வைத்திருக்கிறேன். நண்பரின் போனிலும் பையிலும் நிறுவினோம், ரூட்டரைத் தொடவே இல்லை.

பின்சேர்க்கை 1: நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்துபோனது தெரியாமல் கேஜ் இரவு முழுக்க 1.8 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது என ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மைதான், புதிய தகவல் வராவிட்டால் கேஜ் கடைசி எண்ணிலேயே நிற்கும். படிக்கும் நோடுக்குப் பின்னால் ஒரு டிரிக்கர் நோட் போடுங்கள். 5 நொடி செய்தி வராவிட்டால் "இணைப்பு இல்லை" என்று சிவப்பில் காட்டட்டும். செய்தி வரும்போதெல்லாம் நேரத்தை நீட்டிக்கும் டிக்கை மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: எனர்ஜி மீட்டரிலிருந்து வோல்டேஜ் படித்தால் ஏதேதோ எண் வருகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவை ஃப்ளோட் (புள்ளி வைத்த) எண்கள், இரண்டு ரெஜிஸ்டரில் பிரிந்து வரும். 25.0 என்ற மதிப்பு 16840, 0 என்று வரலாம். சில மீட்டரில் 0, 16840 என்று தலைகீழாக வரும். வரிசையை மாற்றி ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 3: அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் பையின் எஸ்டி கார்டு கெட்டுப்போகும். எங்களுடையது இரண்டாவது கார்டு. இப்போது சின்ன யுபிஎஸ் ஒன்றும், ஃப்ளோவின் நகல் பென்டிரைவில் ஒன்றும் பேனலுக்குள்ளேயே இருக்கின்றன.