கண் குழிந்தால் ட்ரிப்பா? கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் இதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறது. கை கழுவ மறப்பது, எடை பார்க்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம்.

கண் குழிந்தவுடன் ட்ரிப்

6 கிலோ எடையுள்ள, ஒரு வயது தாண்டிய குழந்தை வயிற்றுப்போக்கோடு வருகிறது. கண் குழிந்திருக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் மறைகிறது. உடனே 'கடும் நீரிழப்பு' என்று எழுதி ட்ரிப் ஏற்றிவிடுகிறார்கள். தோலடிக் கொழுப்பு கரைந்துபோன குழந்தைக்கு நீரிழப்பே இல்லாவிட்டாலும் கண் குழியும், தோல் மடிப்பு நிற்கும்.

வழக்கமான கணக்குப்படி அரை மணியில் 180 மில்லி, மூன்று மணி நேரத்தில் 600 மில்லி. மெலிந்த இதயத்தசை இதைத் தாங்காது. செல்லுக்குள் ஏற்கெனவே சோடியம் மிகுந்து, பொட்டாசியம் குறைந்திருக்கிறது. மாலையில் தெளிவாகத் தெரிந்த குழந்தைக்கு இரவில் மூச்சிரைக்கும், கல்லீரல் வீங்கும். அதை நிமோனியா என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. தடுக்கக்கூடிய மரணம் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

ட்ரிப்புக்குப் பதில் ரீசோமால் (இந்தக் குழந்தைகளுக்கென்றே சோடியம் குறைத்து, பொட்டாசியம் கூட்டிய நீரிழப்புக் கரைசல்) வாய்வழியே அல்லது மூக்குக் குழாய் வழியே: அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 மில்லி, அதாவது 30 மில்லி, முதல் இரண்டு மணி நேரம். காலரா என்றால் மட்டும் சாதாரண ஓ.ஆர்.எஸ். நிமிடத்துக்கு நாடித்துடிப்பு 25-ம் மூச்சு 5-ம் கூடினால் நிறுத்துங்கள்.

ட்ரிப் அதிர்ச்சி நிலைக்கு மட்டும்: குழந்தை துவண்டிருக்கிறது, கை சில்லிட்டிருக்கிறது, கூடவே நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகிறது அல்லது நாடி வேகமாக, பலவீனமாக ஓடுகிறது. அப்போதும் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 15 மில்லி, 90 மில்லிதான். பக்கத்தில் நின்று 10 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் மூச்சும் எண்ண வேண்டும்.

இரவு 2 மணிப் பால்

எஃப்-75 (முதல் கட்டத்தில் கொடுக்கும் சிகிச்சைப் பால்) நாளொன்றுக்குக் கிலோவுக்கு 130 மில்லி. 6 கிலோவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 65 மில்லி. சார்ட்டில் இரவு முழுக்க ஒரே மையில், ஒரே சாய்வில் 65, 65, 65 என்று இருந்தால், அது காலையில் உட்கார்ந்து நிரப்பியது. ஒரு வேளை தவறினாலே ரத்தச் சர்க்கரை 54 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கலாம். உடம்பும் சேர்ந்தே குளிரும். அக்குளில் 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் தாயின் நெஞ்சோடு அணைத்து, தலைக்குக் குல்லாய் போட்டு, உடனே பால் கொடுங்கள்.

கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு (சிறுநீர் பெருக்கும் மருந்து)

வேண்டாம்.

காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை

காய்ச்சலை எழுப்பவும் இந்த உடம்பில் தெம்பில்லை. குழந்தையை வார்டில் சேர்த்த அன்றே ஆன்டிபயாடிக் தொடங்குங்கள்.

இரும்புச் சத்து

முதல் வாரத்தில் கூடாது.

எடை குறைந்ததும் எஃப்-100

கால் வீங்கிய குழந்தைக்கு முதல் வாரம் எடை குறையும், வற்றுவது நீர். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு எஃப்-100-க்கு (அடுத்த கட்டத்துக்கான, சத்து கூடிய பால்) மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் எஃப்-75 கொடுத்த அதே அளவு, பிறகு வேளைக்கு 10 மில்லி கூட்டிக்கொண்டே, குழந்தை கிண்ணத்தில் மிச்சம் வைக்கும்வரை.